எண்ணிக்கையில் சேராத வீச்சுகள்

திருவொற்றியூர்
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆடி 3

களத்தை விட்டு இறங்கிய உமைமாவுக்குக் கார்குழலி எழுதுவது.

என் அழைப்பு எட்டாதபடி என் எண்ணை நீ உன் கைப்பேசியில் அடைத்து ஏழு திங்களாகிறது. ஈரோட்டுப் பயிற்சி முகாமிலோ கைப்பேசிகளையே வாங்கிப் பூட்டி வைக்கிறார்களாம். உன் தம்பி சொன்னான். உன்னை எட்ட அஞ்சல்காரரைத் தவிர எனக்கு வேறு வாயில் இல்லை. கிழிப்பதாயின் படித்துவிட்டுக் கிழி.

என் குரல் போய்விட்டது. குரல்நாண்களில் இரண்டு முடிச்சுகள். எண்ணூர் முகத்துவாரம் முதல் தண்டையார்பேட்டை வரை எந்தத் தெருமுனையில் மேடை போட்டாலும் இரண்டு மணி நேரம் இடியாய் இறங்கிய தொண்டை, இன்று அப்பாவின் மளிகைக் கடையில் நின்று துவரம்பருப்பின் விலை சொல்லவும் வக்கற்றுக் கிடக்கிறது. ஆவணி மூன்றாம் நாள் எண்ணூரில் கருத்துக்கேட்புக் கூட்டம். நம் மூச்சை ஏற்கெனவே பாதி தின்ற தொழிற்சாலை, விரிவாக்கம் என்ற பெயரில் மறு பாதிக்கும் இசைவு கேட்டு வருகிறது. மக்கள் சார்பில் பேச வேண்டியவள் நான். அதுவரை ஒரு சொல்லும் உதிர்க்கக் கூடாதாம். அன்றைக்கும் பதினைந்து மணித்துளிக்கு மேல் கூடாதாம். மீறினால் குரல் மீளாதாம். மருத்துவர் சொல்கிறார். பதினைந்து மணித்துளி! அவையோரை விளித்து முடிக்கவே எனக்கு அவ்வளவு வேண்டும்.

நான் ஒன்றரை மணி நேரம் பேசத்தான் போகிறேன். அதை முதலில் உனக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற மார்கழியில், பெரம்பூர்த் திடலில், மாநில அடிபந்தாட்ட (உன் வாயில் ‘பேஸ்பால்’) இறுதிப் போட்டியில், ஆறு சுற்று முடியும் வரை எதிரணியில் ஒருத்திகூட உன் பந்தை அடித்து ஓடவில்லை. எஞ்சியது ஒரே சுற்று. உனக்கு விதித்த எண்பது வீச்சு முடிந்ததென்று பயிற்றுநர் விரல் அசைத்தார். நீயும் பந்தை இன்னொருத்தி கையில் வைத்துவிட்டு நிழலில் போய் அமர்ந்தாய்! அவள் தோற்றாள். ஆட்டத்தின் நேர்முக வருணனை என்னுடையது; ஒலிவாங்கி என் கையில் இருந்தது. ‘புறமுதுகு’ என்றேன். திடல் அதைத் திருப்பிச் சொன்னது. அச்சொல்லில் இன்றும் நிற்கிறேன்.

பேச்சற்றவளுக்குப் படிப்பே துணை. படித்ததைக் கேள். 1920, மே முதல் நாள், தொழிலாளர் திருநாள். பாசுடன் நகரில் புரூக்ளின் அணியும் பாசுடன் அணியும் மோதின. இருபத்தாறு சுற்று! அணிக்கு ஒரே வீச்சாளர். முதற்பந்தை வீசிய இருவரே கடைசிப் பந்தையும் வீசினர். மாற்றாள் இல்லை, நிழல் இல்லை, விரலசைவு இல்லை. நூறாண்டு கடந்தும் அந்தச் சாதனை அசையவில்லை. எண்ணி எறிந்தவர்களா அவர்கள்?

விடை எழுது. இல்லையேல் விடை இல்லை என்று எழுது.

கார்குழலி

*

ஈரோடு
ஜூலை 24, 2025

கார்குழலிக்கு,

உன் தேதியைப் புரிந்துகொள்ள விடுதிக் காலண்டரைப் புரட்ட வேண்டியிருந்தது. கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நீ அதற்கும் ஒரு கூட்டம் போடுவாய்.

எண்ணி எறிந்தவர்களா என்று கேட்கிறாய். இல்லை. அந்த ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார்கள் என்று யாருமே எண்ணவில்லை. இன்றைக்குப் புத்தகங்களில் இருப்பதெல்லாம் உத்தேசம். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு மனிதன் தோளைத் தேய்க்கிறான், பக்கத்தில் இருக்கிற ஒருத்தனுக்கும் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியவில்லை. அதில் ஒருவருக்கு அதற்கப்புறம் மூன்று நாள் தலை வாரவும் கை எழவில்லையாம். நீ படித்த இடத்தில் அது இல்லையா, அல்லது பேச்சுக்கு உதவாது என்று விட்டுவிட்டாயா? ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் விட்டுவிட்டாய். ஆளுக்கு ஒரு ரன். இருட்டிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். யாரும் ஜெயிக்கவில்லை.

என்னிடமும் ஒரு சாதனை இருக்கிறது. 1944, அதே பாஸ்டன் அணியின் இன்னொரு பிட்சர். ஒன்பது இன்னிங்ஸ் முழு ஆட்டத்தையும் ஐம்பத்தெட்டே பந்தில் முடித்து ஜெயித்தார். எங்கள் அறைச் சுவரில் இருப்பது அவர் பெயர்தான்.

எண்ணிக்கையைப் பற்றி நீ பேசலாமா? ராயபுரத்துப் பள்ளியில் நீதான் என் கேட்சர். என் வீச்சுகளை எண்ணுவது உன் வேலை. வலது பாக்கெட்டில் வறுத்த பட்டாணி. ஒரு வீச்சுக்கு ஒரு பட்டாணி இடது பாக்கெட்டுக்குப் போக வேண்டும். பசித்தால் இடது பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிடுவாய். “எவ்ளோடி ஆச்சு?” என்று கேட்டால், எண்ணிப் பார்த்துவிட்டு, “நாப்பதுதாண்டி, போடு” என்பாய். என் தோளுக்குத் தெரியும் அது அறுபது என்று.

அப்புறம் அந்தச் சொல். வண்ணாரப்பேட்டையில் அத்தாவின் துணிக்கடைக்கு எதிரே டீ குடிக்கிற பையன்கள் இப்போது என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? “இன்னா புறமுதுகு, பிராக்டீஸா?” ஒருவனுக்கும் அர்த்தம் தெரியாது. நீ மைக்கில் சொன்ன விதம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அத்தா ஒரு நாள் கடைக்குள் கூப்பிட்டு, “நெசமாவே பயந்துட்டியாம்மா?” என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் உன் நம்பரை அடைத்தேன்.

பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். நீ நிஜமாகவே பேசாமல் இருக்கிறாயா?

உமைமா

*

திருவொற்றியூர்
ஆடி 13

உமைமா,

ஐயுறுகிறாயா? பத்து நாளாய் என் வாயிலிருந்து ஓர் ஒலியும் வெளியேறவில்லை. சிறு கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாய்த் திரிகிறேன். கடைக்கு வருவோர் என் எழுத்தைப் படித்துவிட்டு, எனக்குக் காது கேளாதென்று எண்ணி, உரத்த குரலில் கத்துகிறார்கள். நெட்டுக்குப்பத்து மீன்காரி ஞானசெல்வி அக்காவை அறிவாயா? கூட்டத்துக்கு ஆள் திரட்டும் எங்கள் குழுவில் அவரும் ஒருவர். நேற்று என் பலகையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாமே இது, வாய்க்குப் பூட்டா? நல்லாத்தான் கீது. எங்கூட்டு ஆளுக்கு ஒண்ணு கெடைக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பும் குரல் என்பதால் நான் சிரிக்கவில்லை. இதுவன்றோ ஒழுக்கம்?

ஆயினும் உள்ளே ஓர் உலை கொதிக்கிறது, உமைமா. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது. எழுந்தால் நடக்கச் சொல்கிறது. கடலரிப்புத் தடுப்புக் கற்களை ஒட்டி நாள்தோறும் நடக்கிறேன். வடக்கேயிருந்து காற்று திரும்பினால் அந்தப் புளித்த நெடி வந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று உரையை ஒத்திகை பார்க்கிறேன். அஞ்சாதே, ஒலியின்றித்தான். மூச்சுக் காற்றில் மட்டும், கிசுகிசுப்பாக, முதற்சொல் முதல் இறுதிச்சொல் வரை. காலையில் இரு முறை, மாலையில் மூன்று முறை. உரையின் உச்சம் கடைசியில் இருக்கிறது. நம் குழந்தைகள் மூச்சிழுப்போடு பள்ளிக்குச் செல்லும் காட்சியை அங்கே நிறுத்தியிருக்கிறேன். அதை அடைய ஒரு மணி நேரமாவது ஏற வேண்டும். மலையேறாமல் உச்சியில் குதிக்க இயலுமா?

ஐம்பத்தெட்டுப் பந்துக்காரரை மெச்சுகிறேன். ஆனால் அவர் பந்தை எவர் கையிலும் கொடுத்துவிட்டுப் போகவில்லையே!

உன் தந்தையார் அப்படிக் கேட்டார் என்பதை நீ எழுதியிருக்க வேண்டாம். அந்த வரியை மட்டும் என்னால் எதிர்த்து வாதாட இயலவில்லை.

கார்குழலி

*

ஈரோடு
ஆகஸ்ட் 3

அடியே,

உன் கடிதத்தை எங்கள் பிசியோ அக்காவிடம் காட்டினேன். கிசுகிசுக்கிற இடத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கிசுகிசுப்பதும் பேச்சுதானாம். தொண்டையை இறுக்கிக்கொண்டு காற்றைத் தள்ளினால் அந்த நாண்களுக்குச் சும்மா பேசுவதை விட அதிகத் தொல்லையாம். நீ ஓய்வெடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பொதுக்கூட்டம் நடத்துகிறாய், மைக் இல்லாமல். வாயை மூடு. காற்றையும் சேர்த்து மூடு.

பேஸ்பாலிலும் இந்தத் தந்திரம் உண்டு. ஸ்கோர் பலகையில் ‘எண்பது வீச்சு’ என்று போடுவார்கள். அது ஆட்டத்தில் வீசியது மட்டும். இறங்குவதற்கு முன் ஓரத்தில் நின்று வீசியது, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்னும் சூடேற்ற வீசியது, எதுவும் கணக்கில் வராது. எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது. தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாப் பந்தும் பந்துதான்.

உன்னைத் திட்டுகிற வேகத்தில் எழுதிவிடுகிறேன். தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு என்னைத்தான் பிட்சராகப் போட்டிருக்கிறார்கள். பெயரை வாசித்த நாளிலிருந்து என்னாலும் உட்கார முடியவில்லை. சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் குளிக்கப் போவார்கள். நான் விடுதிக்குப் பின்னால் போய்ச் சுவரில் வீசுகிறேன். சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு வட்டமே விழுந்திருக்கிறது. பெரம்பூரில் கொடுத்துவிட்டு வந்த அந்தக் கடைசி இன்னிங்ஸை அந்தச் சுவரில் தினமும் முடிக்கிறேன். எண்ணுவதில்லை. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் குத்துகிறது, அவ்வளவுதான். கோச்சுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கேட்டதா? வாயை மூடு.

உமைமா

*

திருவொற்றியூர்
ஆடி 22

உமைமா!

ஒரு கையால் என் வாயைப் பொத்துகிறாய்; மறு கையால் சுவரைத் தாக்குகிறாய்! என்ன அறம் இது? என் கிசுகிசுப்பு பேச்சென்றால் உன் சுவர்வீச்சு வீச்சில்லையா? என் நாண் நாண், உன் நரம்பு நாரா?

என்னைக் கேட்சர் என்றாய். ஆம், ஆறாண்டு உன் பந்தை வாங்கியவள் நான். சோர்ந்தால் உன் பந்து என் கையுறையில் விழும் ஓசையே மாறும். ‘தப்’ என்பது ‘தொப்’ என்றாகும். அதைக் கேட்டுக்கொண்டே பட்டாணி தின்றேன் என்று குற்றம் சாட்டுகிறாய். சரி. அந்தச் சுவருக்கு இப்போது காது இருக்கிறதா? அதன் ஓசையை எவர் கேட்கிறார்? முழங்கையில் குத்துகிறது என்று எழுதிய கையோடு ‘அவ்வளவுதான்’ என்றும் எழுதுகிறாய். மேடையில் பொய்யுரைப்போர் நூறு பேரைக் கண்டவள் நான். ‘அவ்வளவுதான்’ என்பவரே அவர்களுள் தலையாயவர்.

தேசியப் போட்டியின் முதற்பந்து உன் வாழ்வில் எத்தனை பெரிதென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் பயிற்றுநரிடம் போய்ச் சொல். நீ சொன்ன அன்றே நான் என் மருத்துவரிடம் போய்ச் சொல்வேன். இருவரும் எண்ணுவோம், அல்லது இருவரும் எண்ணாமல் அழிவோம். நடுவில் நின்று ஒருத்தியை ஒருத்தி கண்டிக்கும் கூத்து இனி வேண்டாம்.

இம்மடலை எழுதும்போது உதடு அசைந்தது. அடக்கிக்கொண்டேன். அது எத்தனை கொடிது என்பதையும் குறித்துக்கொள்.

கார்குழலி

*

ஈரோடு
ஆகஸ்ட் 12

கார்குழலி,

சொல்லிவிட்டேன்.

கோச் ஜெயவேல் சார் பெரம்பூர்க்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் பின்னால் போய் அந்த வட்டத்தைப் பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார்.

“இன்னாம்மா, என் கணக்குல எழுபது, செவுத்துக் கணக்குல எவ்ளோ?”

“எண்ணல சார்.”

“எண்ணலியா! நான் இன்னாத்துக்கு இங்க விசிலக் கட்டிகினு கீறேன்? செவுரு உனக்கு மெடல் குடுக்குமா?”

அப்புறம் குரலைத் தணித்து, “வலிக்குதா?” என்றார். “கொஞ்சம் சார்” என்றேன். “கொஞ்சம்னு சொன்ன பசங்க எவனும் இன்னிக்கு ஆடலம்மா” என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் அறுபடவில்லை, ஆனால் வீங்கியிருக்கிறது. முதல் ஆட்டம் இல்லை, இந்தப் போட்டியிலேயே நான் வீசப் போவதில்லை. அணியோடு போவேன். பெஞ்சில் உட்கார்ந்து, மற்ற பிட்சர்களின் பந்தை எண்ணுகிற கருவியை அமுக்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். மூன்றாம் நாள் உன்னிடம் சொன்னது நான்தானே என்று தோன்றியது. வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். உன்னிடம் ஏன் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. ஏழு மாதம் பேசாமல் இருந்தவளிடம்.

இப்போது உன் முறை. இந்தக் கவரில் வறுத்த பட்டாணி பதினைந்து வைத்திருக்கிறேன். ஒரு பட்டாணி, ஒரு நிமிடம். டாக்டர் குறைத்துவிட்டால் அதிகப்படியை இப்போதே தின்றுவிடு. மிச்சத்தை நீ வைத்துக்கொள்ளாதே, உன்னை நம்ப முடியாது. பக்கத்தில் யாரிடமாவது கொடு. அது தீர்ந்ததும் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். உச்சி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுது.

உமைமா

*

திருவொற்றியூர்
ஆவணி 5

அன்புள்ள உமைமா,

மருத்துவரிடம் கிசுகிசுப்பைப் பற்றிச் சொன்னேன், அதாவது பலகையில் எழுதிக் காட்டினேன். சினந்தார். பதினைந்தைப் பத்தாக்கினார். ஐந்து பட்டாணியை அவர் அறை வாயிலிலேயே தின்றேன். அவ்வளவு கசப்பான பட்டாணியை நான் தின்றதில்லை.

பந்தல் எண்ணூர்த் திடலில். மேடையில் அதிகாரிகள், கீழே ஆயிரம் பேர். முற்பகல் முழுதும் தொழிற்சாலைக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். நம் முறை வரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஞானசெல்வி அக்காவிடம் பட்டாணியைக் கொடுத்து, கையிலொரு கடிகாரமும் கட்டிவிட்டு, முறையைப் பலகையில் எழுதினேன். மணித்துளிக்கு ஒன்று வலக்கையிலிருந்து மடிக்குப் போக வேண்டும். வலக்கை வெறுமையானதும் என் முந்தானையை இழுக்க வேண்டும்.

“இழுத்தா எறங்கிடுவியா? நீயா?” என்றார்.

ஒரு திங்களுக்குப் பின் வாய் திறந்தேன். என் குரல் எனக்கே அயலாய் ஒலித்தது. ஆயினும் சொற்கள் வந்தன. பந்தல் ஆரவாரித்தது. அந்த ஆரவாரம் என்ன செய்யும் என்பதை நீ அறிவாய். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கும். நான் ஏறத் தொடங்கினேன். பாதி மலை ஏறவில்லை. குழந்தைகளின் மூச்சிழுப்பு இன்னும் தொலைவில் இருந்தது. முந்தானை இழுபட்டது.

நின்றேன். மீறிவிட என் உடம்பின் ஒவ்வொரு நரம்பும் துடித்தது. எவருக்குத் தெரியும்? பட்டாணிக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும். ‘எஞ்சியதை இவர்கள் சொல்வார்கள்’ என்று ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டிவிட்டு இறங்கினேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் கத்தினான்.

“இன்னாக்கா எறங்கிட்ட? புறமுதுகா?”

பந்தல் சிரித்தது. அந்தச் சொல் என்னுடையது, உமைமா. வடசென்னையில் என்னைத் தவிர எவர் வாயிலும் அது இருந்ததில்லை. நான்தான் ஒலிபெருக்கியில் ஊற்றி ஊருக்கே பருகக் கொடுத்தேன். இறங்குவது எப்படி இருக்கும் என்று கேட்டாயே, படிகளில் கால் வைப்பது எளிது. கீழே வந்து நாற்காலி தேடும் அந்த நேரம், எல்லோர் கண்ணும் முதுகில் நிற்கும் அந்த நேரம், அதை எழுத என்னிடம் தமிழ் இல்லை.

அக்கா திணறினார். முதலில் ஒலிவாங்கியைத் தலைகீழாய்ப் பிடித்தார். பிறகு அந்த இளைஞனைப் பார்த்து, “டேய் கசுமாலம், அது மூச்சு உட்டுகினு வரட்டும். நீ வந்து பேசேன், எங்க, வாயத் தொற!” என்றார். அதிகாரிகளிடம், தாம் மீன் விற்கும் இடத்தில் வீசும் நெடியைப் பற்றித் தொடங்கி, வழியில் தம் மைத்துனர் மீதிருந்த சினத்தையும் சேர்த்துக்கொட்டி, எங்கே தொடங்கினோம் என்பதை மறந்து, அடுத்தவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். என்னைக் கேலி செய்த இளைஞனும் பேசினான். அவன் மகளுக்கு மூச்சிழுப்பாம். என் உரையின் உச்சியில் நான் நிறுத்தியிருந்த குழந்தைகளுள் ஒருத்தி அவள். நான் ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தால் அதிகாரிகள் கைதட்டிவிட்டு, கருத்து கேட்டாயிற்று என்று எழுந்திருப்பார்கள். எழ விடவில்லை. ஆள் மாறி ஆள் மாறி ஒலிவாங்கி நடந்துகொண்டே இருந்தது. இருட்டிவிட்டது. பேச இன்னும் எண்பது பேர் வரிசையில் நிற்க, கூட்டத்தை வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பதாக அறிவித்தார்கள். எவரும் வெல்லவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு இன்னும் இசைவு இல்லை. இருபத்தாறு சுற்று ஆட்டத்தின் முடிவை நான் உனக்கு மறைத்தேன் அல்லவா? அது எங்கள் பந்தலுக்கு வந்து சேர்ந்தது.

கலையும் நேரத்தில் அக்கா என் கையைத் திறந்து மடியிலிருந்த பட்டாணியைக் கொட்டினார். எண்ணினேன். ஏழு. பலகையை எடுத்து, பத்தல்லவா என்று எழுதினேன்.

“மூணு துன்னுட்டன்மே. காலைலருந்து டீத்தண்ணிதான். நீ பாட்டுக்குப் பேசிக்கினே கீற, பசிக்காதா?”

மடியிலிருந்தா என்று எழுதினேன்; வலக்கையை விரித்துக் காட்டினார். கையிலிருந்தே தின்றிருக்கிறார். ஏழு மணித்துளியில் என்னை இழுத்துவிட்டார்! சினம் பொங்கியது. மறுகணம், யாருடைய பழக்கம் இது என்று நினைவு வந்தது. சிரித்துவிட்டேன். மருத்துவர் மன்னிக்கட்டும்.

ஆக, உமைமா, மருத்துவர் அளந்து கொடுத்த குரலில் மூன்று மணித்துளி செலவாகாமல் என்னிடம் இருக்கிறது. ஊர் கேட்டது, கொடுக்கவில்லை. நீ போட்டி முடிந்து வரும் நாளில் தொடர்வண்டி நடைமேடைக்கு வருவேன். பெரம்பூரில் நீ நிழலுக்கு நடந்தாயே, அந்த நடை எவ்வளவு தொலைவு இருந்தது என்று கேட்பேன். அதை எழுத்தில் கேட்கக் கூடாது. பிறகு உன் தந்தையாரின் கடைக்குப் போய், எதிரே தேநீர் குடிப்போர் கேட்க, உன்னிடம் அவர் கேட்ட கேள்விக்கு நானே அவருக்கு ஒரு விடை சொல்ல வேண்டும்.

மூன்று மணித்துளி போதாமல் போனால் கையை உயர்த்து. நிறுத்திவிடுவேன்.

உன்
கார்குழலி